ஓடுகிற எழுத்து

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுக்குப் பஸ் ஏறினால் அரைமணி நேரப் பிரயாணம். அந்த அரைமணிக்குள் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குள் போய், மறுபடியும் முதல் மாநிலத்துக்கே திரும்பி விடலாம். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டும் சமாதானம் பேசியும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்ட பூமி வேறு எப்படி இருக்கும்?

எனக்கு அந்தப் பிரயாணத்தில் மாநில எல்லையைவிட வேறோர் எல்லையில்தான் கண் போகும். நகரத்துக்குள் தெருப் பெயர்ப் பலகைகள் நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தாக இருக்கின்றன. பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர். துய்மா வீதி என்றால் துய்மா வீதி, அவ்வளவுதான். அந்த எழுத்துக்கள் பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தா மாதிரி முதுகு வளையாமல் நிற்கும். யாரையும் கூப்பிடாது. நகரத்தை விட்டு வெளியே வந்ததும் எழுத்துக்குப் பிடரியில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல் ஆகிவிடுகிறது. டயர் கடை, கூரியர் கம்பெனி, டிரைவிங் ஸ்கூல், செல்போன் ரிப்பேர், எல்லாம் தடித்த எழுத்து, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, நுனியில் எந்த அலங்காரமும் இல்லாத மொட்டை எழுத்து. பஸ் நின்றாலும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

தடிப்பு, சாய்வு, மொட்டை. இந்த மூன்று குணங்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரியத்துக்காகப் பிறந்தவை. அவை ஒன்று சேரச் சுமார் நானூறு ஆண்டுகள் ஆயின.

சாய்வுதான் மூத்தது. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பிரசுரகர்த்தர் 1501-ல் வர்ஜிலின் காவியத்தைக் கையடக்கப் புத்தகமாகப் போட்டார். அதுவரை புத்தகம் என்றால் மேஜைமேல் விரித்துப் படிக்கிற சமாசாரம். சட்டைப்பைக்குள் போகிற புத்தகத்துக்கு இடம் பிடிக்காத எழுத்து வேண்டும். அக்காலத்து இத்தாலியப் படிப்பாளிகள் வேகமாக எழுதிய நெருக்கமான சாய்ந்த கையெழுத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் அச்சு வெட்டிக் கொடுத்தார். முழுப் புத்தகமும் சாய்வெழுத்திலேயே வந்தது. பெரிய எழுத்துக்கள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. இந்த கிரிஃபோ பிற்காலத்தில் தம் மருமகனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சரித்திரத்திலிருந்தே மறைந்து போனார். இவ்வளவு நளினமான எழுத்தை வெட்டிய கை அது என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. நாவலாசிரியன் எவனும் இதைக் கற்பனை செய்யத் துணிய மாட்டான்.

ஆக, சாய்வு பிறந்தது சத்தம் போடுவதற்காக அல்ல. அடக்கமாக, நெருங்கி உட்கார்ந்து படிப்பதற்காக. பிறகுதான் அது நேர் எழுத்துக்குப் பரிவாரமாகி, புத்தகப் பெயர், அந்நியச் சொல், அழுத்தம் தருகிற வார்த்தை ஆகியவற்றுக்கு ஊழியம் செய்ய ஆரம்பித்தது.

தடிப்பும் மொட்டையும் லண்டன் தெருவில் பிறந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே லாட்டரிச் சீட்டு, நாடகம், மருந்து எல்லாவற்றுக்கும் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். புத்தக எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், போதவில்லை. எழுத்து கொழுத்தது. 1816-ல் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில், நுனிக் கட்டையே இல்லாத ஓர் எழுத்து ஒரே ஒரு வரி தலைகாட்டியது. அந்த வரியில் அவர் அச்சிட்டது தம் பெயரையும் தொழிலையும்தான். ரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்தின் நுனிகளில் சிறு சிறு கட்டைகள் இருக்கும்; அதற்கு 'செரீஃப்' என்று பெயர். அதை வெட்டியெறிந்த எழுத்துக்கு 'ஸான்ஸ்-செரீஃப்' என்ற பெயரை வின்ஸென்ட் ஃபிக்கின்ஸ் 1832-ல் வைத்தார். இன்னொரு வார்ப்படக்காரர் 'க்ரொடெஸ்க்' என்றே, அதாவது கோரம் என்றே, அதை விற்பனைக்கு வைத்தார். தன் சரக்குக்குக் கோரம் என்று பெயர் வைத்து விற்ற வியாபாரியின் நேர்மையை நான் மெச்சுகிறேன்.

தடித்த மொட்டை எழுத்துக்குச் சாய்வு வேண்டும் என்று பிறகு வந்தவர்களில் பலர் ஒரு சுலபமான வழி கண்டார்கள். நேர் எழுத்தை அப்படியே ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். கிரிஃபோவின் சாய்வு ஒரு கையின் நடை. இந்தச் சாய்வு வெறும் சாய்ப்பு. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்படிச் சாய்க்காமல், முதலிலேயே ஓடுகிற எழுத்தாக ஒன்றை வரைந்தவர் ரோஜர் எக்ஸ்கோஃபோன். 1910-ல் மார்ஸேயில் பிறந்தவர். மார்ஸேய் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிய பெயரல்ல. பிரான்ஸுக்குப் போனவர்களும் வந்தவர்களும் அந்தத் துறைமுகத்தின் காற்றைச் சுவாசித்தவர்கள்தாம். அங்கே இருந்த ஒலிவ் வார்ப்படச் சாலைக்காக எக்ஸ்கோஃபோன் 1951-ல் 'பாங்கோ' என்ற எழுத்தை வெளியிட்டார். சீட்டாட்டத்தில், மேஜையில் இருக்கிற பந்தயம் முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று கூவுகிற சொல் அது. எழுத்தும் அப்படித்தான். பெரிய எழுத்துக்களும் எண்களும் மட்டும். பட்டை இரும்பை வெட்டி வளைத்து வைத்தாற்போல ஒவ்வொரு கோடும் தலையில் அகன்று காலில் குறுகும். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கோடுகள் சில இடங்களில் ஒன்றையொன்று தொடாமலே நிற்கும். ஆனாலும் எழுத்து சிதறவில்லை. கண் இடைவெளியை இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இதை ஏதோ மகாகாவியம் அச்சிட அவர் செய்யவில்லை. ரொட்டிக் கடைக்காரரும் மோட்டார் ஒர்க்ஷாப்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் அதை எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் தேசத்தின் கடைத்தெரு முகமே சில வருஷங்களில் எக்ஸ்கோஃபோன் கையெழுத்தாகிவிட்டது. 1953-ல் 'மிஸ்ட்ரால்' வந்தது. தென் பிரான்ஸில் அடிக்கிற காற்றின் பெயர். 1955-ல் 'ஷாக்'. பின்பு ஏர் பிரான்ஸ் விமானக் கம்பெனியின் பெயரெழுத்தை வரைந்த வேலையிலிருந்து 'ஆன்டிக் ஒலிவ்' என்ற கனத்த மொட்டை எழுத்துக் குடும்பம் வளர்ந்தது. ஒலிவ் வார்ப்படச் சாலை 1978-ல் மூடப்பட்டது. எக்ஸ்கோஃபோன் 1983-ல் காலமானார். பாங்கோ மட்டும் இன்னும் ஓடுகிறது. சறுக்குப் பலகையில் தாவித் திரிகிற அமெரிக்கப் பையன்களுக்காக 1981-ல் தொடங்கிய 'த்ராஷர்' பத்திரிகையின் பெயர் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ரொட்டிக் கடைக்கு வரைந்தது ரௌடித்தனத்துக்கும் பொருந்தியது.

பாங்கோ வெளிவந்து மூன்று வருஷத்தில், 1954 நவம்பர் முதல் தேதி, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அரசாங்கத்தின் நிற்கிற எழுத்து இங்கே தங்கிவிட்டது. கடைத்தெருவின் ஓடுகிற எழுத்தைப் பிரெஞ்சுக்காரன் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அதை நம்மவர்கள் தாமாகவே செய்துகொண்டார்கள். அந்தக் கதைதான் எனக்கு ருசியானது.

தமிழெழுத்து பிறப்பிலேயே மொட்டை எழுத்து. ஓலையில் எழுத்தாணி கீறுகிற கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் ஏது? ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கனம். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளிகூட வைப்பதில்லை. அச்சுக்கு வந்த பிறகுதான் ஐரோப்பியப் பேனாவின் வழக்கம் நம் எழுத்திலும் புகுந்து, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் ஆயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து 1713-ல் வந்து சேர்ந்த தமிழ் அச்சுக்கள் மிகவும் பெரியவை. இன்றைக்கானால் தலைப்புக்குத்தான் அவை ஆகும். புதிய ஏற்பாட்டை அவற்றில் அடிக்கத் தொடங்கிக் காகிதம் கட்டுப்படியாகாமல், தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். செஷையர் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. தமிழில் எழுத்தைப் பெருக்குவதைவிடச் சுருக்குவதுதான் முதல் கவலையாக இருந்திருக்கிறது.

புதுச்சேரிக்கும் ஓர் அச்சு யந்திரம் இருந்தது. 1761 ஜனவரியில் அயர் கூட் நகரத்தைப் பிடித்தபோது பீரங்கி, வெடிமருந்தோடு அந்த அச்சு யந்திரத்தையும் எழுத்துக்களையும் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வேப்பேரியில் இருந்த பாதிரியார் ஃபாப்ரிஷியஸிடம் அது ஒப்படைக்கப்பட்டது. கம்பெனிக்கு வேண்டும்போது அச்சடித்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. தோற்ற ஊரின் எழுத்தையும் கொள்ளைப் பொருளாகக் கணக்கு வைத்தார்கள் பாருங்கள்! நூற்று நாற்பத்தேழு வருஷம் கழித்து அதே சென்னையிலிருந்து, அதே இங்கிலீஷ்காரனுக்குத் தப்பி, பாரதியின் 'இந்தியா' பத்திரிகை 1908-ல் புதுச்சேரிக்கு வந்து அச்சேறியது. கடன் ஒருவாறு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 'இந்தியா'வில் உரக்கச் சொல்ல வேண்டியதைப் படமாகப் போட்டார்கள். தமிழ்ப் பத்திரிகையில் கேலிச் சித்திரம் தொடங்கியது அதில்தான்.

படமாகப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அச்செழுத்தில் தமிழுக்கு உரத்த குரல் குறைவு. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, அதில் பெரியது சிறியது. ஒரு சாய்வெழுத்துக் கேஸ் கூடுதலாக வாங்குவது பெரிய செலவல்ல. தமிழுக்கோ உயிர்மெய்களைச் சேர்த்து நூற்றுக்கு மேல் தனித்தனி அச்சுக்கள் வேண்டும். அத்தனையையும் சாய்வாக இன்னொரு முறை வெட்டி வார்க்க எந்த வார்ப்படக்காரன் முன்வருவான்? நான் ஏறி இறங்கிய சின்ன ஊர் அச்சாபீஸ்களில் ஆங்கிலச் சாய்வெழுத்து ஒரு கேஸ் இருக்கும். தமிழில் கறுப்பு டைப் இருக்கும். தமிழ்ச் சாய்வு கேட்டால் கம்பாஸிட்டர் நம்மையே சாய்வாகப் பார்ப்பார். அழுத்தம் வேண்டுமா, கறுப்பில் போடு, அல்லது இரண்டு பக்கமும் கொக்கி போடு என்பதுதான் சம்பிரதாயம்.

ஆகவே சாய்ந்து தடித்த தமிழெழுத்து வார்ப்படத்தில் பிறக்கவில்லை, தூரிகையில் பிறந்தது. பத்திரிகைகளில் கதைத் தலைப்பை ஓவியர்தான் எழுதுவார். அதை பிளாக் எடுத்து மேட்டருக்குமேல் வைப்பார்கள். 1950-ல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் சித்திரங்களோடு வந்த தலைப்பெழுத்தும் கையால் எழுதியதே. சினிமா போஸ்டரும் அப்படித்தான். சண்டைப் படமென்றால் எழுத்து சாயும். பக்திப் படமென்றால் நிமிரும். குடும்பப் படமென்றால் கொஞ்சம் கண்ணீர் வடிகிறாற்போல் குழையும். சுவரெழுத்துக்காரர்கள் தட்டைத் தூரிகையால் ஒரே கனத்தில் இழுத்தார்கள். அவர்களை அறியாமலே தமிழெழுத்தை ஓலையின் பழைய குணத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கையால் சாய்க்கிறவன் எல்லா எழுத்தையும் ஒரே அளவு சாய்க்கமாட்டான். 'ட'வை எவ்வளவு வேண்டுமானாலும் சாய்க்கலாம். அதற்கு ஒரு முதுகும் ஒரு காலும்தான். 'ண'வுக்கு மூன்று சுழி. கொஞ்சம் அதிகம் சாய்த்தால் குடம் கவிழ்ந்ததுபோல் ஆகும். 'கி', 'மி' என்று மேலே வளைந்து இறங்குகிற கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் போய் இடிக்கும். அதை அவன் சற்றே மடக்குவான். புள்ளியை எழுத்தின் நடு உச்சிக்குப் பார்த்து வைப்பான். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் 'லை', 'ணை'களுக்கு முன்னால் தும்பிக்கை ஒன்று இருந்ததே, அதை இந்த ஆசாமிகள் எவ்வளவு ஆசையாக நீட்டுவார்கள்! சீர்திருத்தம் நல்லதுதான்; ஆனால் அந்தத் தும்பிக்கைக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த சாய்வு கிடையாது. பொத்தானை அழுத்தினால் யந்திரம் நேரெழுத்தைத் தள்ளிவிடும். வட்டத்தைத் தள்ளினால் என்ன ஆகும் என்று ஒரு தரம் பாருங்கள். அதன் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் தடிக்கும்; மற்ற இரண்டு மூலைகளும் மெலியும். நேர்கோடு மிகுந்த ஆங்கில எழுத்து இதைச் சமாளித்துவிடும். 'ஞ', 'இ', 'ஐ', 'ஒ' என்று வளைவே உடம்பாக உள்ள தமிழ் என்ன செய்யும்? ஓடுகிற எழுத்து நொண்டுகிறது. புள்ளி எழுத்தை விட்டு விலகி அடுத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

எக்ஸ்கோஃபோனையே கூப்பிட்டு நமக்கு ஒன்று வரைந்து தரச் சொல்லியிருந்தாலும் சிரமம்தான். கண் எழுத்தின் மேல்பாதியைப் பார்த்தே படிக்கிறது என்ற கொள்கையில் அவர் ஆன்டிக் ஒலிவின் மேல்பாதியைப் பலப்படுத்தினார். ஆங்கில வரியின் கீழ்ப்பாதியை ஒரு சீட்டால் மறைத்துவிட்டுப் படியுங்கள், படித்துவிடலாம். தமிழில் 'க', 'ச', 'த' மூன்றையும் எழுதிக் கீழ்ப்பாதியை மறையுங்கள். மூன்றும் ஒன்றாகத் தெரியும். நமக்கு வித்தியாசம் காலடியில் இருக்கிறது. பிரெஞ்சு உத்தியை அப்படியே எடுத்துவந்தால் கதை தகை ஆகிவிடும்.

இந்த எழுத்தின் குணம் பற்றி எனக்கு ஒரு சொந்த வழக்கு உண்டு. சின்னக் காலாப்பட்டில் கடல் கரையைத் தின்று தின்று வீட்டு வாசலுக்கு வந்தபிறகும் வீட்டை விட்டு நகர மறுக்கிற ஒரு கிழவியைப் பற்றி நாவல் எழுதினேன். பதிப்பாளர் அட்டையை அனுப்பினார். தலைப்பு கொழுத்த சிவப்பில் நன்றாகச் சாய்ந்து ஓட்டப் பந்தயம் ஓடியது. "இந்தக் கிழவி நகரவே மாட்டேன் என்கிறாள், நீங்கள் அவளை ஓட வைத்துவிட்டீர்களே" என்றேன். "நேராகப் போட்டால் கடையில் கண்ணில் படாது சார்" என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பலவகைப் புத்தகங்கள் நடுவே சாய்ந்த தடித்த எழுத்து முதலில் கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் கண்ணில் பட்டது எது? கிழவியல்ல, அவசரம். புத்தகத்தைத் திறக்குமுன்பே வாசகன் மூச்சிரைக்க ஆரம்பித்து, உள்ளே மெதுவாக நடக்கிற முதல் அத்தியாயத்தில் ஏமாந்துபோகிறான். இரண்டாம் பதிப்பில் எழுத்தை நிமிர்த்தினோம். விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இதைவிடக் கொடுமை கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடந்து முடிந்த ஒரு வாழ்க்கை. இனி எங்கேயும் போக வேண்டியதில்லாத மனிதர். அவர் பெயரை மஞ்சள் நிறத்தில், நிழல் கொடுத்து, சாய்த்துத் தடித்து அச்சடித்து ஒட்டுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பிரமுகர் வரவேற்புக்கு வைத்திருக்கிற அதே வார்ப்புருவில் பெயரை மாற்றிவிடுகிறார்கள். காலாப்பட்டுக் கடைவீதியில் அப்படி ஒரு போஸ்டரின் முன் நின்று ஒரு பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "என்னிக்கு வராராம்?" என்று கேட்டார். சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஓடுகிற எழுத்து ஓட வேண்டிய இடத்தில் எவ்வளவு அழகு என்பதைச் சென்ற தை மாதம் காலாப்பட்டுக் குப்பத்தில் பார்த்தேன். புதிதாக வர்ணம் பூசிய ஃபைபர் படகு ஒன்று மணலில் கிடந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதன் வலது விலாவில் குலசாமி பெயரை எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளையில் தடித்த மொட்டை எழுத்து. முன்பக்கம் பார்த்து அழகாகச் சாய்ந்திருந்தது. அணியம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எழுத்தும் பாய்ந்தது. முடித்துவிட்டு மறுபுறம் வந்தார். அங்கேதான் எனக்கு வேடிக்கை. இடது விலாவில் அணியம் இடக்கைப் பக்கம் இருக்கிறது. வழக்கம்போல் எழுத்தை வலப்பக்கம் சாய்த்தால் படகு கடலுக்குப் போகும். எழுத்து கரைக்குத் திரும்பும்.

அவர் சுண்ணக்கட்டியால் இடப்பக்கம் சாய்த்துக் கோடு போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கோட்டுக்குத் தக்கபடி ஒவ்வொரு எழுத்தாக, பின்பக்கம் மல்லாந்தாற்போல், நிறுத்தி நிறுத்தி எழுதினார். 'ண' வந்தபோது மட்டும் தூரிகையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் சாய்வைக் குறைத்துக்கொண்டார். 'மு'வின் காலை அணியத்தின் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"இந்தப் பக்கம் கஷ்டமா இருக்குமோ அண்ணே?" என்று கேட்டேன்.

"கை பழகினது அந்தப் பக்கம் சார். இது கைக்கு எதிரா வரணும். போட்டுக்காரங்களுக்கு அது எங்க தெரியுது? ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கூலின்றாங்க. நான் இந்தப் பக்கத்துக்கு அம்பது ரூபா சேத்துத்தான் வாங்குவேன்."